தையற்காரியிடம் பாடம் கேட்ட வைத்தியர்



எங்கள் ஆலய வளவுகள் பலவற்றில் லூர்து கெபி ஒன்று உண்டு. அந்தக் கெபியின் வரலாற்றைச் சொல்லும்போது, விசுவாசமற்ற ஒரு வைத்தியர் லூர்துக்குப் போய்த் தம் கண்ணாலேயே ஒரு புதுமையைக் கண்டு மனந்திரும்பினார் என்ற செய்தியும் சேர்ந்து வருவதுண்டு. அந்த வைத்தியர்தான் அலெக்சிஸ் கரெல். செய்தி பொய்யல்ல, ஆனால் பாதிக் கதை. மனந்திரும்ப அவருக்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் சென்றன. அதற்கிடையில் அவர் செய்த நன்மையும் பெரிது. எழுதிய தீமையும் பெரிது. இருதய சத்திரசிகிச்சை செய்து உயிர் தப்பி வந்த ஒருவர் உங்கள் வீட்டிலோ அயலிலோ இருந்தால், அவரும் இந்த மனிதருக்கு ஒரு விதத்திற் கடன்பட்டவரே. ஆகையால் அவரை முழுவதுமாக அறிந்துகொள்ளுங்கள்.

கரெல் 1873 ஜூன் 28ஆம் திகதி பிரான்ஸ் தேசத்தின் லியோன் நகருக்கு அருகே பிறந்தார். தகப்பனார் துணி வர்த்தகர். அவர் மகனின் சிறு வயதிலேயே இறந்துவிட, மகன் தகப்பனின் பெயராகிய அலெக்சிஸ் என்பதையே தன் பெயராக்கிக்கொண்டான். பக்தியுள்ள தாயாரே பிள்ளைகளை வளர்த்தார். இயேசு சபைக் குருமாரின் கல்லூரியிற் படித்த அந்தப் பிள்ளை, லியோன் பல்கலைக்கழகத்தில் வைத்தியம் படிக்கப் புகுந்தபின் விசுவாசத்தில் மெல்ல மெல்லக் குளிர்ந்துபோனான். கண்ணாற் கண்டதையும் கருவியால் அளந்ததையும் தவிர வேறொன்றையும் ஏற்பதில்லை என்பது அக்காலத்து வைத்திய மாணவர் பலரின் போக்கு.

1894 ஜூன் 24ஆம் திகதி லியோன் நகரில் ஒரு கண்காட்சிக்கு வந்திருந்த பிரெஞ்சு ஜனாதிபதி சாடி கார்னோவை இத்தாலிய அராஜகவாதி ஒருவன் கத்தியாற் குத்தினான். ஈரலுக்குக் குருதி கொண்டுசெல்லும் பெரிய நாளம் அறுந்துவிட்டது. நகரின் சிறந்த சத்திரவைத்தியர்கள் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். நின்று என்ன? அறுந்த குருதிக் குழாயைத் தைக்க அவர்களுக்கு வழி தெரியாது. நள்ளிரவு கடந்து சற்று நேரத்தில் ஜனாதிபதி மரித்தார். ஒரு நாட்டின் தலைவர் ஒரு விரல் நீளமான குழாயைத் தைக்க ஆளில்லாமல் இறந்த செய்தி, 21 வயதை எட்டவிருந்த மாணவன் கரெலின் மனதிற் பதிந்துவிட்டது.

குருதிக் குழாயைத் தைப்பதில் என்ன கஷ்டம் என்று நீங்கள் கேட்கலாம். அதன் சுவர் ஈரமான மெல்லிய துணி போன்றது. ஊசி போட்டால் கிழியும். ஒரு பக்கத்தைத் தைக்கும்போது எதிர்ப் பக்கமும் சேர்ந்து அகப்பட்டுக் குழாய் அடைபடும். அப்படியே தைத்து முடித்தாலும் உட்சுவர் சற்றே சொரசொரப்பானாற் போதும், குருதி அவ்விடத்தில் உறைந்து கட்டியாகிவிடும்.

லியோன் பட்டுக்குப் பேர்போன நகரம். கரெல் அங்கே பூவேலைத் தையலிற் கைதேர்ந்த லெருடியே அம்மையாரிடம் போய், ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டார். பட்டம் பெற்ற வைத்தியர் ஒரு தையற்காரியின் முன் மாணவனாய் உட்கார்ந்தது அந்நாளிற் பலருக்கு வேடிக்கையாக இருந்திருக்கும். மிக நுண்ணிய ஊசி, வசிலின் தடவிய பட்டு நூல் இவற்றைக் கொண்டு அவர் கண்டுபிடித்த வழி மிக எளியது. வட்டமான குழாய் வாயில் சம தூரத்தில் மூன்று தையல்களை இட்டு, அவற்றை மூன்று பக்கமும் இழுத்துப் பிடித்தால் வட்டம் முக்கோணமாகும். வளைவைத் தைப்பது கடினம். நேர்க்கோட்டைத் தைப்பது இலகு. எதிர்ச் சுவரும் ஊசியில் அகப்படாது. இம்முறையை 1902இல் அவர் வெளியிட்டார்.

அதே 1902ஆம் ஆண்டு மே மாதம், லூர்துக்குச் செல்லும் நோயாளர் புகையிரதத்தில் வைத்தியராகப் போகவிருந்த நண்பர் ஒருவர் போகமுடியாமற் போகவே, கரெல் அவருக்குப் பதிலாகப் போனார். பக்தியினால் அல்ல, சுகமானதாகச் சொல்லப்படுகிறவர்கள் உண்மையிற் சுகமாகிறார்களா என்று பார்க்கும் ஆவலினாலேயே போனார். புகையிரதத்தில் மரி பெய்யி என்ற இளம்பெண் இருந்தாள். வயிற்றின் உட்சவ்வில் சயரோகம். வயிறு வீங்கி இறுகியிருந்தது. வழியிலேயே இறந்துவிடுவாள் என்றே கரெல் நினைத்தார். மே 28ஆம் திகதி கெபியின் அருகே, குளத்தில் இறக்கமுடியாத நிலையிலிருந்த அவளுடைய வயிற்றின் மேல் ஊற்று நீரை மூன்று முறை வார்த்தார்கள். கரெல் கையிற் குறிப்புப் புத்தகத்தோடு அருகில் நின்று நேரத்தையும் நாடித்துடிப்பையும் எழுதிக்கொண்டேயிருந்தார். ஒரு மணி நேரத்துக்குள் வீக்கம் வற்றியது, முகம் தெளிந்தது, அன்று மாலையே அவள் எழுந்து உட்கார்ந்து பேசினாள். பின்னர் அவள் புனித வின்சென்ட் தே போலின் அருட்சகோதரிகள் சபையிற் சேர்ந்து நோயாளருக்குப் பணி செய்து, 1937இல் இறந்தார்.

கரெல் என்ன செய்தார்? முழந்தாளிட்டு விசுவாசத்தை அறிக்கையிட்டார் என்று நாம் எதிர்பார்ப்போம். அவர் அப்படிச் செய்யவில்லை. கண்டதைக் கண்டபடி சொன்னார். அதைப் புதுமை என்றும் சொல்லவில்லை, வஞ்சகம் என்றும் சொல்லவில்லை. விளைவு, இரு பக்கத்தாரும் கோபித்தார்கள். விசுவாசிகளுக்கு அவர் போதாதவர். லியோன் வைத்திய பீடத்தாருக்கு அவர் ஏமாளி. அந்நகரில் இனித் தமக்கு உயர்பதவி கிட்டாது என்று கண்டு அவர் 1904இற் கப்பலேறினார். திருச்சபையும் இந்தச் சம்பவத்தைப் பிரகடனஞ் செய்யப்பட்ட லூர்துப் புதுமைகளின் பட்டியலிற் சேர்க்கவில்லை என்பதை நீங்கள் அறிந்திருக்கவேண்டும். கரெல் எழுதி வைத்த விபரம் அவர் இறந்தபின் 1949இல்தான் நூலாக வந்தது. அதிலே தம் பெயரின் எழுத்துக்களைப் பின்னிருந்து முன்னாக மாற்றி, லெராக் என்று தம்மை மறைத்திருந்தார்.

கனடாவின் மொன்றியலுக்குப் போய், அங்கிருந்து அமெரிக்காவின் சிக்காகோ பல்கலைக்கழகத்தை அடைந்தார். அங்கே சார்ள்ஸ் கத்ரி என்பவரோடு சேர்ந்து 1905இல் ஒரு சிறு நாயின் இருதயத்தை எடுத்துப் பெரிய நாயொன்றின் கழுத்துக் குழாய்களோடு தைத்தார். அது ஏறக்குறைய இரண்டு மணி நேரம் துடித்தது. 1906இல் நியூயோர்க்கின் றொக்பெல்லர் ஆராய்ச்சி நிலையம் அவரை அழைத்துக்கொண்டது.

1908இல் ஓர் இரவு, அந்நகரத்துச் சத்திரவைத்தியர் ஒருவர் தம் பச்சிளங் குழந்தையைக் காப்பாற்றும்படி கேட்டு வந்தார். பிறந்து சில நாளே ஆன பிள்ளைக்கு உட்குருதி வடிந்து உடல் வெளிறிவிட்டது. குருதியைப் போத்தலிற் சேமித்து ஏற்றும் வசதி அன்று இல்லை. கரெல் அவர்களுடைய வீட்டுக்கே போய், தகப்பனின் கை நாடியைப் பிள்ளையின் கால் நாளத்தோடு நேரே தைத்துவிட்டார். தகப்பனின் குருதி ஓட ஓடப் பிள்ளையின் உடல் சிவந்தது. பிள்ளை பிழைத்தது. பூவேலைத் தையல் வீணாகவில்லை.

இனி இருதயத்துக்கு வருவோம். உங்கள் கையைப் பொத்திப் பாருங்கள். ஏறக்குறைய அவ்வளவே இருதயம். மேலே இரு சோணையறைகள், கீழே இரு இதயவறைகள். வலப்பக்கம் உடலிலிருந்து வந்த குருதியைச் சுவாசப்பைக்கு அனுப்பும். இடப்பக்கம் ஒட்சிசன் ஏறி வந்த குருதியை உடல் முழுவதற்கும் தள்ளும். நாம் சும்மா இருக்கும்போதே நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லீற்றர். நாளுக்கு ஏறக்குறைய 1 இலட்சம் துடிப்பு. இதிலே அநேகர் அறியாத ஒன்றுண்டு. தன் அறைகளுக்குள் இவ்வளவு குருதி ஓடினாலும், இருதயத்தின் தடித்த தசை அதிலிருந்து தன் பசியைத் தீர்த்துக்கொள்வதில்லை. பெருநாடியின் அடியிலிருந்து பிரிந்து, இருதயத்தின் மேல் முடிபோலப் படரும் முடியுரு நாடிகள்தான் அதற்கு உணவூட்டுகின்றன. அவற்றுள் ஒன்று அடைபட்டால் மாரடைப்பு. பஞ்சகாலத்தில் அரிசிக் களஞ்சியத்தின் காவலாளி பட்டினியால் விழுவதைப் போன்றதுதான் இது.

அடைபட்ட இடத்தைத் தாண்டிப் புதிய பாதை போட்டால் என்ன என்று கரெல் நினைத்தார். பேணி வைத்த ஒரு நாடித் துண்டை எடுத்து, ஒரு நாயின் பெருநாடிக்கும் முடியுரு நாடிக்கும் இடையே தைத்து, 1910இல் அதை வெளியிட்டார். நாய் இரண்டு மணி நேரமே உயிரோடிருந்தது. துடிக்கும் இருதயத்தில் சில நிமிடங்களுக்குள் தைத்து முடிக்கவேண்டியிருந்ததே தடை. இன்று பைபாஸ் என்று சொல்கிறோமே, அதன் முதல் முயற்சி அதுவே. இன்னொன்றையும் அவர் கவனித்தார். ஒரு நாயின் சிறுநீரகத்தை எடுத்து அதே நாயிலே தைத்தால் அது வேலை செய்யும். வேறு நாயிலே தைத்தால் தையல் எவ்வளவு சரியாக இருந்தாலும் சில நாளிற் கெட்டுவிடும். குற்றம் தையலில் இல்லை, உடல் அந்நியனை ஏற்பதில்லை என்பதை அவர் கண்டுகொண்டார். 1912இல் வைத்தியத்துக்கான நொபெல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

அதே ஆண்டு ஜனவரி 17ஆம் திகதி அவர் தொடங்கிய பரிசோதனைதான் அவரை உலகப் பிரசித்தராக்கியது. கோழிக்குஞ்சின் கருவிலிருந்து இருதயத் துணிக்கை ஒன்றை எடுத்து, கண்ணாடிப் பாத்திரத்தில் உணவூட்டி வளர்த்தார். இருதயத் தசைக்குத் தானாகவே துடிக்கும் குணம் உண்டு. உடலை விட்டுப் பிரித்தாலும் சிறிது காலம் துடிக்கும். ஆகவே அது துடித்தது. உடலுக்கு வெளியே உயிர் வாழும் இருதயம்! பத்திரிகைகள் ஆண்டுதோறும் அதற்குப் பிறந்தநாள் கொண்டாடின. கரெலின் உதவியாளர் எபெலிங் அதை 1946வரை, 34 ஆண்டுகள் பேணினார். கோழியொன்று அவ்வளவு காலம் வாழ்வதில்லை. உடலின் கலங்கள் சரியான உணவு கிடைத்தால் சாகவே சாகா என்று கரெல் போதித்தார், உலகமும் நம்பியது.

ஆனால் அது தவறு. துடிப்பு சில மாதங்களிலேயே நின்றுபோயிற்று. பின்பு பாத்திரத்தில் வளர்ந்தவை இருதயத் தசையல்ல, இழையங்களை இணைக்கும் சாதாரண கலங்கள். மற்ற ஆய்வுகூடங்களில் கலங்கள் நெடுங்காலம் பிழைக்காதபோது, ஆய்வாளர்கள் தங்கள் கைத்திறனையே குறைசொல்லிக்கொண்டார்கள். நொபெல் பரிசு பெற்றவரைச் சந்தேகிக்க எவரும் துணியவில்லை. 1961இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் லெனாட் ஹேப்ளிக் என்ற இளம் ஆய்வாளரும் அவருடைய தோழரும், மனித உடலின் சாதாரண கலம் ஏறக்குறைய 50 முறை பிரிந்தபின் நின்றுவிடும் என்று காட்டினார்கள். கரெலின் பாத்திரத்துக்கு உணவாக ஊற்றிய கோழிக்கருச் சாற்றிலே புதிய கலங்கள் கலந்து போயிருக்கலாம் என்பதே பலர் கூறும் விளக்கம். ஒரு பெரிய பெயருக்கு முன் ஐம்பது ஆண்டு காலம் விஞ்ஞானம் வாய்மூடி நின்றது.

ஆயினும் அவர் கேட்ட கேள்வி வீண் கேள்வியல்ல. கதையை விட்டுச் சற்று விலகி, அது இன்று எங்கே வந்து நிற்கிறதென்று பார்ப்போம். கையிற் காயம்பட்டால் புதுத் தோல் வளர்கிறது. ஈரலிற் பாதியை வெட்டினாலும் திரும்ப வளர்கிறது. இருதயம் அப்படியல்ல. மாரடைப்பில் இறந்த தசையின் இடத்தைத் தழும்பு நிரப்பும். தழும்பு சுருங்கி விரியாது. எஞ்சிய தசை இரட்டிப்பு வேலை செய்து களைக்கும். பிறந்தபோது கிடைத்த தசைக் கலங்களோடுதான் சாகும்வரை வாழ்கிறோம் என்றே நெடுங்காலம் எண்ணினார்கள். 2009இல் சுவீடனில் இதை ஒரு விசித்திரமான முறையில் அளந்தார்கள். 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வெடித்த அணுகுண்டுச் சோதனைகளால் வானிலே பெருகிய ஒருவகைக் காபன், அக்காலத்தில் உருவான கலங்களிலே அடையாளமாகப் பதிந்திருந்தது. அதைக் கொண்டு கணக்கிட்டபோது, 25 வயதில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒரு கலமளவில் இருதயம் புதுப்பிக்கிறது, முதுமையில் அதன் பாதிக்கும் குறைவு என்று தெரிந்தது. உண்டு, ஆனால் ஒரு மாரடைப்பை ஈடுசெய்யப் போதாது. அதே வேளை எங்கள் பிராந்தியத்து நன்னீரில் வாழும் வரிக்குதிரை மீன் என்ற சின்னஞ்சிறு மீனுக்கு, இதயவறையில் ஐந்திலொரு பங்கை வெட்டி எடுத்தாலும் ஏறக்குறைய இரண்டு மாதத்தில் மீண்டும் வளர்ந்துவிடுகிறது.

2006இல் ஜப்பானில் சின்யா யமனாக்கா என்பவர், வளர்ந்த எலியின் தோற்கலத்தை நான்கு மரபணுக்களின் உதவியால் கருவின் ஆரம்பக் கலம் போன்ற நிலைக்குத் திருப்பினார். மறு ஆண்டு மனிதக் கலத்திலும் அது கைகூடியது. அப்படித் திருப்பிய கலத்தை இருதயத் தசையாக வளர்க்கலாம். இதற்காக எந்தக் கருவையும் அழிக்கத் தேவையில்லை என்பதை நம்மவர்கள் விசேடமாகக் கவனிப்பார்கள். யமனாக்கா நொபெல் பரிசு பெற்றது 2012இல், கரெல் பெற்று சரியாக 100 ஆண்டுகளின் பின். 2020இல் ஒசாக்கா பல்கலைக்கழகத்தார் இத்தகைய கலங்களை மெல்லிய தகடாக வளர்த்து, நோயுற்ற ஒருவரின் இருதயத்தின் மேல் ஒட்டினார்கள். பெரிய இடைஞ்சல்கள் உள. புதிய தசை பழைய தசையோடு தாளம் சேராமல் தன் போக்கிலே துடித்து, இருதயத்தின் ஒழுங்கைக் குலைப்பதைக் குரங்குகளிற் கண்டிருக்கிறார்கள். அந்நியக் கலத்தை உடல் எதிர்ப்பதும் கரெல் கண்ட அதே பழைய சங்கதிதான். ஆகவே இருதய நோயாளர் எவரும் இதை நம்பி மருந்தை நிறுத்திவிடலாகாது.

கரெலிடம் திரும்புவோம். 1914இல் மகாயுத்தம் மூண்டதும் அவர் பிரான்சிலே கொம்பியேன் நகரின் யுத்த வைத்தியசாலையிற் பணி செய்தார். பழுதான காயமென்றால் கையையோ காலையோ வெட்டுவதே அன்றைய வழக்கம். ஆங்கில இரசாயனவியலாளர் ஹென்றி டேக்கின் தயாரித்த குளோரீன் கரைசலைக் குழாய்கள் மூலம் காயத்துக்குள் விட்டுவிட்டுச் செலுத்தும் முறையை இருவரும் வகுத்தனர். அதனால் தப்பிய கைகால்கள் பல. கரெலின் மனைவியும் பக்கத்தில் நின்று தாதியாகப் பணி புரிந்தார்.

1930களில் அத்திலாந்திக்கைத் தனியே கடந்த விமானி சார்ள்ஸ் லின்ட்பேர்க் அவரைத் தேடி வந்தார். லின்ட்பேர்க்கின் மைத்துனிக்கு இருதய வால்வில் நோய். சத்திரசிகிச்சை முடியும்வரை இருதயத்தின் வேலையை ஏன் ஒரு இயந்திரத்துக்குக் கொடுக்கமுடியாது என்பதே விமானியின் கேள்வி. இருவரும் சேர்ந்து 1935இல் கண்ணாடியாலான ஒரு பம்பியைச் செய்து, அதிலே உறுப்புகளை உடலுக்கு வெளியே சில நாட்கள் உயிரோடு வைத்தார்கள்.

அதே 1935ஆம் ஆண்டு கரெல், மனிதனைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். செபத்தின் வலிமையையும் ஆன்மாவின் மேன்மையையும் பேசும் பக்கங்கள் அதில் இருந்தமையால் கத்தோலிக்கர் பலர் அதை ஆவலோடு வாங்கினார்கள். ஆனால் அதே நூலிலே, கொடுங் குற்றவாளிகளையும் குற்றம் புரிந்த மனநோயாளரையும் விஷவாயு கொண்டு அமைதியாக ஒழித்துவிடலாம் என்றும் எழுதினார். பலவீனர் பெருகாமல் வலியவர் குலம் பெருகவேண்டும் என்பது அவர் கொள்கை. 1936இல் வந்த ஜேர்மன் பதிப்பின் முன்னுரையில் அந்நாட்டு நாஸி அரசின் நடவடிக்கைகளைப் பாராட்டியும் எழுதினார். தெரியாமல் எழுதினார் என்று சொல்லித் தப்பவும் வழியில்லை. பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் 1930 டிசெம்பரிலேயே, விவாகத்தைப் பற்றிய தம் சுற்றுமடலில் இத்தகைய கொள்கையைக் கண்டித்திருந்தார். லூர்துப் புகையிரதத்தில் ஒரு சாகும் பெண்ணின் அருகே இரவு முழுதும் கண்விழித்தவர், இன்னொரு வகை நோயாளரைப் பற்றி இப்படி எழுதியதை நாம் எப்படி விளங்கிக்கொள்வது? எனக்கு விளங்கவில்லை. அவரைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இந்தப் பக்கங்களை மட்டும் புரட்டாமல் விடுவது சரியல்ல என்பதே என் எண்ணம். லியோன் வைத்திய பீடமொன்று அவருடைய பெயரைத் தாங்கியிருந்தது. 1996இல் அந்தப் பெயரை அகற்றி, இருதயத்துக்குக் காது வைத்துக் கேட்கும் கருவியைக் கண்டுபிடித்த லெனெக் என்பவரின் பெயரை இட்டார்கள். லெனெக்கும் கத்தோலிக்கரே, ஏழைகளின் வைத்தியர்.

1939இல் றொக்பெல்லர் நிலையத்திலிருந்து கரெல் ஓய்வு பெற்றார். மீண்டும் யுத்தம் வந்து பிரான்ஸ் ஜேர்மனியரிடம் வீழ்ந்தபின், 1941இல் விஷி அரசின் ஆதரவோடு பாரிசில் மனித வாழ்வைப் பற்றிய ஆராய்ச்சி நிலையமொன்றை நடத்தினார். 1944 ஆகஸ்டில் பாரிஸ் விடுதலையானதும் பகைவரோடு ஒத்துழைத்தவர் என்ற பழி அவர்மேல் விழுந்தது, பதவி போயிற்று. விசாரணை நடக்கும் நிலையில் அவர் இல்லை. முந்திய ஆண்டிலேயே அவருக்கு மாரடைப்பு வந்திருந்தது.

அந்த இறுதி ஆண்டுகளில் அவருக்கு நெருங்கியவராயிருந்தவர் அலெக்சிஸ் பிரெஸ் என்ற துறவி. அவருடைய கையிலேயே கரெல் கடைசித் தேவதிரவிய அநுமானங்களைப் பெற்றுக்கொண்டார். லூர்திலிருந்து புறப்பட்ட பயணம் 42 ஆண்டுகளின் பின் அந்தப் படுக்கையில் முடிந்தது.

1944 நவம்பர் 5ஆம் திகதி, 71ஆம் வயதில், இருதயம் தளர்ந்து அவர் மரித்தார். அடைபட்ட முடியுரு நாடியைத் தாண்டிப் பாதை போடும் சிகிச்சையை 1910இல் ஒரு நாயிலே செய்து பார்த்தவர் அவர். இருதயத்தின் வேலையைப் பொறுப்பேற்கும் இயந்திரம் மனிதருக்குப் பயன்பட்டது 1953இல்; பைபாஸ் மனிதருக்குப் பரவலாகக் கிடைக்கத் தொடங்கியது 1960களின் கடைசியில். பிரித்தானிக் கரையோரத்தில், அவருக்குச் சொந்தமான சென் ஜில்டா என்ற சிறு தீவின் சிற்றாலயத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.